பெண்டிங்கில் ஒரு தாய்மாமன்

உட்காருங்கள் டீச்சர், ஜன்னலோரம் உங்களுக்கே. இந்த போனை மட்டும் அந்தக் கம்பிப் பக்கம் சாய்த்து வைத்துக்கொள்கிறேன், டவர் அங்கேதான் கொஞ்சம் எடுக்கிறது. மணி அடித்தால் பாய்ந்து எடுப்பேன், பயந்துவிடாதீர்கள். டீச்சர்தானே? மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா, வேறு யாராக இருக்க முடியும்? நீங்கள் பாட்டுக்குத் திருத்துங்கள். திருநெல்வேலி வரைக்கும் போகிறீர்களா? நல்லதாகப் போயிற்று. எனக்கு ஒரு நியாயம் கேட்க வேண்டியிருக்கிறது.

விஷயம் இதுதான். என் தாய்மாமன் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் நாளை மறுநாள் என் அக்கா கல்யாணத்துக்கு வருகிறார். அழுத்தாவிட்டால் வரவில்லை. அவரே அப்படித்தான் சொன்னார், ஒரு மணி நேரத்துக்கு முன்னால், சங்கரன்கோவிலில், அவர் கடையில் வைத்து. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து உட்கார வைத்தால்தான் பெண்ணுக்கு மணமேடை. அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. அக்கா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. அம்மா பேசுகிறாள், அது அதைவிட மோசம்.

எல்லாரும் தப்பு என் மேல் என்கிறார்கள். நீங்கள் முழுசாகக் கேட்டுவிட்டு மார்க் போடுங்கள்.

லிங்க்ட்இன் தெரியும்தானே? வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுகிறவர்களும் கூடுகிற இடம். ஃபேஸ்புக் மாதிரிதான், ஆனால் எல்லாரும் கோட்டு போட்டிருப்பார்கள். ஒருவர் நம்மிடம் ‘என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று விண்ணப்பம் அனுப்புவார். நாம் சரி என்று அழுத்தினால் சேர்ந்துவிடுவோம். அழுத்துகிற வரைக்கும் அவர் போனில் ‘பெண்டிங்’ என்று காட்டிக்கொண்டே இருக்கும். இவ்வளவுதான். இதற்கு ஒரு கல்யாணமே ஆடிப்போகும் என்று யாருக்குத் தெரியும்?

நான் யுனிவர்சிட்டியில் புள்ளியியல், எம்.எஸ்ஸி. கடைசி வருடம். வகுப்பில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிறார்கள். என் ரூம்மேட் ஜெனோவா, மெஸ்ஸுக்குக் காய்கறி போடுகிறவரைக்கூடச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆயிரத்து எண்ணூறு பேர்! கேட்டால், “கிடந்துட்டுப் போகட்டும்ட்டி, சோறா போடப் போறோம்?” என்கிறாள். எனக்கு அப்படி முடியாது. என்னிடம் இருப்பது இருநூற்றுப் பதினான்கு பேர், ஒவ்வொருவரையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அவர் வேலையைத் தெரிந்திருக்க வேண்டும். வெறும் ‘ஹாய்’ போட்டு வருகிறவர்கள் வேண்டாம். உறவுக்காரர்கள் வேண்டவே வேண்டாம். சித்தி, பெரியம்மா எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கட்டும். வரவேற்பறை வேறு, அடுக்களை வேறு இல்லையா?

சிங்கப்பூரில் ஒரு வைஸ் பிரசிடென்ட் இருந்தார். பம்ப் கம்பெனி. அவரைச் சேர்த்தேன். ஆளைத் தெரியாதுதான். வேலையும் தெரியாதுதான். ஆனால் துறை பொருந்தியது டீச்சர். என் ஆய்வே இயந்திரங்கள் எத்தனை நாள் ஓடிப் பழுதாகின்றன என்பதைப் பற்றியது. அதற்குத் தரவு வேண்டும். மோட்டார் என்றைக்கு ஓட ஆரம்பித்தது, என்றைக்கு நின்றது, இப்படி நூற்றுக்கணக்கில். எட்டு மாதமாக நாயாய் அலைகிறேன், கிடைக்கவில்லை. அவரிடம் பணிவாக, பத்தி பிரித்து, ஒரு பக்கம் எழுதிக் கேட்டேன். அவர் ‘ஹாய் டியர்’ என்று பதில் போட்டு ஒரு ரோஜாப்பூ அனுப்பினார். உடனே தடுத்துவிட்டேன். அது என் விதியில் உள்ள குறை இல்லை, அவர் குணத்தில் உள்ள குறை.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். கோமதிநாயகம் என்று பெயர். சங்கரன்கோவிலில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். சின்ன வயதில் என்னைப் பேச்சுப் போட்டிக்கெல்லாம் அவர்தான் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போவார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தார். “என்ன மருமவளே, எப்பப் பாத்தாலும் போன்ல என்னமோ இங்கிலீஷ்ல எழுதிட்டே இருக்க?” என்று கேட்டார். நானும் விளக்கமாகச் சொன்னேன். அதுதான் என் தப்பு. நாலு நாள் கழித்து விண்ணப்பம் வந்து நிற்கிறது! ‘கோமதிநாயகம், ஃபவுண்டர் அண்ட் சி.இ.ஓ., கோமதி வைண்டிங் ஒர்க்ஸ்.’ கடையில் அவரைத் தவிர இருப்பது ஒரு டேபிள் ஃபேன். படம் எதிலிருந்தோ வெட்டி எடுத்தது. ஓரத்தில் யாருடைய தோளோ அரைவாசி தெரிகிறது. இணைப்புகள் எத்தனை என்று பார்த்தேன். பூஜ்யம்! அந்தத் தளத்தில் அவருக்கு ஒருத்தரும் கிடையாது. அவர் விண்ணப்பம் போட்டதே எனக்கு ஒருத்திக்குத்தான். இப்படியொரு ஆளை எதை நம்பிச் சேர்ப்பது, சொல்லுங்கள்?

வேண்டாம் என்று அழுத்தவில்லை. அந்த அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அப்படியே விட்டுவைத்தேன். கார்த்திகையில் ஒருநாள் போனில் கேட்டார், “மருமவளே, பெண்டிங் பெண்டிங்னு காட்டுதே, என்னன்னு பாரேன்.” நெட்வொர்க் பிரச்சினையாக இருக்கும் மாமா என்றேன். மார்கழியில் மறுபடி கேட்டார். சர்வர் மாமா என்றேன். பொய்தான். ஆனால் மரியாதைப் பொய்.

இருங்கள், சத்தம் வந்ததோ? இல்லை, கண்டக்டர் விசில்.

பொங்கலுக்கு நான் ஒரு பதிவு எழுதினேன். ‘யாரைச் சேர்க்கிறேன், ஏன்’ என்பது தலைப்பு. என் விதிகளையெல்லாம் விளக்கி, நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு வாதம் என்றால் உதாரணம் வேண்டும் இல்லையா? அதற்காக, பெயரே குறிப்பிடாமல், ஒரே ஒரு பத்தி: ‘என் உறவினர் ஒருவர் தெருமுனைக் கடைக்குத் தன்னையே தலைமைச் செயல் அதிகாரியாக நியமித்துக்கொண்டு, யாரோ ஒருவரின் தோளோடு படம் போட்டு விண்ணப்பித்திருக்கிறார். பாசம் வேறு, தொழில் வேறு.’ முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பினார்கள். என் வாழ்நாள் உச்சம் டீச்சர் அது. இரண்டு பேராசிரியர்கள் பாராட்டி எழுதினார்கள்.

மூன்றாம் நாள் இன்னொருத்தர் வந்தார். கைதட்டுகிற படம் போட்டிருந்தார். பெயரைப் பார்த்தேன். கோமதிநாயகம்.

பதிவுக்குக் கீழே மொழிபெயர்ப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலா? தெரியும். அவர் அதை அழுத்துவார் என்பதுதான் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தால் விண்ணப்பத்தைக் காணோம். திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டார்.

எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒருவர் கைதட்டினால் ஒப்புக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

என்னமோ சொல்ல வந்தீர்கள்? ஒரு நிமிடம், இதை முடித்துவிடுகிறேன். இனிமேல்தான் முக்கியம்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அப்பாவும் தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு அழைக்கப் போனார்கள். பத்திரிகை எப்போதோ கொடுத்தாயிற்று, இது தாய்மாமனுக்குத் தட்டு வைத்து அழைக்கிற முறை. நல்லபடியாகக் காபி கொடுத்திருக்கிறார், கேலி பேசியிருக்கிறார். அம்மா எழுந்து தட்டை நீட்டினால், கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம்.

“அக்கா, தட்ட அந்த மேசை மேல வச்சிட்டுப் போ. பெண்டிங்ல இருக்கட்டும்.”

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து, “ஏட்டி, பெண்டிங்னா என்னட்டி? அவனுக்கு ஏதும் தோசம் கீசமா?” என்று கேட்கிறாள். நான் விளக்கினேன். விளக்கி முடித்தபோது அக்கா கையிலிருந்த சேலையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனவள்தான். அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். “நீ என்ன செய்வியோ தெரியாது. அவன் வரணும்.”

என்ன செய்வது? இன்றைக்குக் காலையில் கிளம்பிப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் கொடுக்கப் போனேன். பஸ்ஸிலேயே ஏழு குறிப்பு எழுதிக்கொண்டேன்.

கடையில் ஒரு சம்சாரி, எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம், எரிந்த மோட்டாரோடு உட்கார்ந்திருந்தார். மாமா தலையை நிமிர்த்தாமலே, “வா மருமவளே, உக்காரு. அந்த ஸ்டூல் வேண்டாம், ஆடும்” என்றார். அந்த சம்சாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறார், “அண்ணாச்சி, இதுதானா அந்த பெண்டிங் பிள்ளை?”

“ஆமா. எங்க அக்கா மவ. கோட்டு போட்டவங்ககிட்ட மட்டுந்தான் பேசுவா.”

எனக்கு எப்படி இருக்கும்? கடைக்கு வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்! இந்தக் கதையை மட்டுமில்லை. “போன மாசம் சராசரியப் பத்தி எழுதியிருந்தியாமே தாயி, அண்ணாச்சி வாசிச்சுக் காட்டினாரு. சராசரி ஆழத்த நம்பி ஆத்துல இறங்கப்படாதுன்னு எழுதியிருந்தியே, அது நல்லாருந்துச்சு” என்கிறார் அந்த சம்சாரி. என் பதிவு ஒவ்வொன்றையும் தமிழில் மாற்றி, மோட்டார் சரியாகிற வரைக்கும் காத்திருக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறாராம். என் அனுமதி இல்லாமல்! அந்தச் சராசரிக் கட்டுரைக்கு என் இருநூற்றுப் பதினான்கு பேரில் ஆறு பேர்தான் விருப்பம் போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

நான் குறிப்பை எடுத்தேன். “மாமா, நான் உங்க பேரையே எழுதல.”

“பேரு எதுக்கு? இந்த ஊர்ல ஃபவுண்டர் எத்தன பேரு இருக்கான்?”

“யாரோ தோளோட படம் போட்டா நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா?”

அதற்கு அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் விரலைக் காட்டினார். முழுப் படம் அங்கே இருந்தது. நான் பி.எஸ்ஸி. பட்டம் வாங்கிய அன்றைக்கு எடுத்தது. கறுப்பு அங்கியோடு பக்கத்தில் நிற்கிறது நான். தோள் என்னுடையது.

சரி, என்னுடையதுதான். அதனால் என்ன? படத்தை ஒழுங்காக வெட்டத் தெரியவில்லை என்பது உண்மைதானே? ஆனால் அந்த இடத்தில் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைக்க ஆரம்பித்துவிட்டேன் டீச்சர். ஒரே தூசி அதில்.

அப்புறம் அவர் கைவேலையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

“பாசம் வேற தொழில் வேறன்னு எழுதியிருந்த. ரொம்பச் சரி. அதுக்குத்தான் கைதட்டினேன். ஆனா நான் பாசத்துல அனுப்பல மருமவளே. பாசத்துக்கு போன் நம்பர் இருக்கு, வீடு இருக்கு, தீபாவளி இருக்கு. அதுல நான் தொழில்காரனாத்தான் அனுப்பினேன். இருவத்தாறு வருசமா காயில் கட்டுதேன். என் தொழிலப் பாத்துட்டு, இந்த ஆளு வேண்டாம்னு நீ தள்ளியிருந்தா நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன். நீ தொழிலப் பாக்கவே இல்லையே. மாமான்னு பாத்த, தள்ளிட்ட. கோட்டு போட்டவன் வந்தா தொழில், நான் வந்தா உறவா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. நிச்சயமாக இருந்தது. அந்த சம்சாரி குறுக்கே, “கேள்வி நல்ல கேள்விதான தாயி” என்று சொல்லிவிட்டார், அதில் பதில் கலைந்துபோயிற்று. நாற்பது நிமிடம் பேசியும் திரும்பப் பிடிபடவில்லை. ஏழு குறிப்பில் ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

கடைசியில் மாமா சொன்னார், “பேசினது போதும். இப்ப நீ எனக்கு அனுப்பு. நான் பாக்கேன். நான் ஏத்துக்கிட்டா வெள்ளிக்கிழம மண்டபத்துல நிப்பேன். இல்லன்னா அக்காவ வேற ஆளப் பாக்கச் சொல்லு.”

“வேற தாய்மாமனுக்கு எங்க மாமா போறது?”

“அத நீதான் சொல்லணும். படிச்சவ.”

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அந்த மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார். அது ஒரு பைத்தியக்காரப் பழக்கம் அவருக்கு. எந்த மோட்டாருக்கு என்றைக்குக் காயில் கட்டினார், அது என்றைக்கு எரிந்து திரும்பி வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைப்பார். ஆரம்பத்திலிருந்து நாற்பது நோட்டு. அலமாரியே தெரியவில்லை. இந்தக் குப்பையையெல்லாம் தூக்கிப் போட்டால் அந்த இடத்தில் நல்ல நாற்காலியாக ஒன்று போடலாம்.

என்ன டீச்சர்? நோட்டா? அந்த நோட்டில் என்ன இருக்கப் போகிறது, தேதி தேதியாகத்தான் இருக்கும். நான் முக்கியமான விஷயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் நோட்டைப் போய்க் கேட்கிறீர்களே!

இதுவரைக்கும் நான் யாருக்கும் விண்ணப்பம் அனுப்பியதில்லை. அவர்களாக வருவார்கள், நான் தேர்ந்தெடுப்பேன். அதுதான் என் முறை. இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு முதல்முதலாக அனுப்பினேன். விண்ணப்பத்தோடு சின்னதாகக் குறிப்பு எழுதலாம், இருநூறு எழுத்துக்குள். நான் இருநூறு எழுத்துக்குள் எதையுமே சொன்னதில்லை. முதலில் ‘இருதரப்பு வாதங்களையும் பரிசீலித்தபின்’ என்று ஆரம்பித்தேன். அழித்தேன். ‘தங்கள் நீண்ட அனுபவத்தை மதித்து’ என்று எழுதினேன். ஒரு ஓய்வுபெறுகிற தாசில்தாருக்கு வாழ்த்து மடல் மாதிரி இருந்தது. அழித்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

என்ன அனுப்பினேன் என்று கேட்காதீர்கள்.

சரி, நீங்கள் பார்க்கிற பார்வைக்குச் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது. ‘ஐயா, இருபத்தாறு வருடத் தொழில்காரரைச் சேர்த்துக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மாமா, அக்காவுக்கு மாலை நீங்கள்தான் போடணும். நீங்க வரலேன்னா நானும் பந்தியில உக்காரமாட்டேன்.’ ஐயாவில் ஆரம்பித்து எங்கே போய் முடிந்திருக்கிறது பாருங்கள். தர்க்கமே இல்லை. இதை நீங்கள் திருத்தினால் பாஸ் மார்க்கூடப் போடமாட்டீர்கள்.

அனுப்பி முக்கால் மணி நேரம் ஆகிறது. பெண்டிங் என்று காட்டுகிறது. பனவடலிசத்திரத்தில் பார்த்தேன், பெண்டிங். தேவர்குளத்தில் பார்த்தேன், பெண்டிங். இது எவ்வளவு மோசமான வார்த்தை தெரியுமா டீச்சர்? இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடலாம். இது கதவுக்கு வெளியே செருப்போடு நிற்க வைத்த மாதிரி. ஒருத்தரை மூன்று மாதம் இப்படி நிற்க வைக்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? நான் பொதுவாகச் சொன்னேன்.

இருங்கள். இருங்கள் டீச்சர். மணி அடித்ததா? தள்ளுங்கள், போனை எடுக்கிறேன். கோமதிநாயகம்... உங்கள் விண்ணப்பத்தை... ஏற்றுக்கொண்டார்! ஏற்றுக்கொண்டுவிட்டார் டீச்சர்! வருகிறார்! மாமா வருகிறார்!

மன்னிக்கணும், பேப்பர் எல்லாம் கீழே சரிந்துவிட்டது. நான் பொறுக்கித் தருகிறேன். ஒருநிமிடம், இன்னொன்றும் வந்திருக்கிறது. அதுவும் அவர்தான். எனக்குச் சான்று கொடுத்திருக்கிறார்! அதாவது, நமக்கு இன்னின்ன திறமை இருக்கிறது என்று நாமே அதில் போட்டு வைப்போம். நம்மை அறிந்தவர்கள் யாராவது, ஆமாம், இவருக்கு இது உண்டு என்று சாட்சி சொல்வார்கள். நான் பதினோரு திறமை போட்டிருக்கிறேன். புள்ளியியல், தரவு ஆய்வு, மேடைப்பேச்சு, விவாதம். கடைசியாக ஒன்று, எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டது: ‘பிறர் பேசுவதைக் கவனித்துக் கேட்டல்.’ இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருத்தர்கூட இதுவரைக்கும் அதைத் தொட்டதில்லை.

மாமா அதற்குத்தான் கொடுத்திருக்கிறார். மேடைப்பேச்சைவிட்டு, விவாதத்தைவிட்டு, நேராக அதற்கு!

பார்த்தீர்களா? இன்றைக்கு நாற்பது நிமிடம் அந்தக் கடையில் நான் எவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதற்கு டீச்சர் இப்படிச் சிரிக்கிறீர்கள்? கண்ணில் தண்ணீர் வருகிறது, துடைத்துக்கொள்ளுங்கள். ஆமாம், ரொம்ப நேரமாக நீங்கள் அந்த நோட்டைப் பற்றி என்னமோ சொல்ல வருகிறீர்களே, சொல்லுங்கள், கேட்கிறேன். அம்மாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.

ஹலோ, யம்மா? ஏய், நீ பேசாத. நான் சொல்லுதத முதல்ல கேளு.